நாற்பதும் எதிர்க்கட்சி எம்.பி.க்கள்: நம் கரைக்கு என்ன நடந்தது?

பாம்பன்வாசி எழுதியது:

2025 நவம்பரில் பீகார் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. எதிர்க்கட்சிக்குத் தலைவர் சரியில்லை, ராகுலை மாற்று, அகிலேஷைக் கொண்டு வா, மம்தாவிடம் கொடு, ஸ்டாலின் டெல்லிக்குப் போகட்டும். 243 இடங்களில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 202, மகா கூட்டணிக்கு 35 என்றால் கோபம் வரத்தான் செய்யும். நான் கேட்க நினைப்பது வேறு.

2024இல் தமிழ்நாட்டில் 39, புதுச்சேரியில் 1. நாற்பதும் இந்தியா கூட்டணிக்கே. நம் ராமநாதபுரத்தில் ஏணிச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி 1,66,782 வாக்கு வித்தியாசத்தில் ஓ.பன்னீர்செல்வத்தைத் தோற்கடித்தார். பத்து வருடம் காலியாகக் கிடந்த மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கும் ஆள் வந்தாயிற்று. பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, 240தான். எதிர்வரிசைக்கு இவ்வளவு பலம் கிடைத்து ரொம்ப காலம் ஆகிறது.

இவ்வளவு இருந்தும் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், எதுவும் மாறவில்லை. இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபடுகிறது, முதல்வர் கடிதம் எழுதுகிறார், வெளியுறவு அமைச்சகம் தூதரகம் மூலம் பேசியதாகச் சொல்கிறது, சில வாரம் கழித்து ஆட்கள் திரும்புகிறார்கள், படகு அங்கேயே நின்று மட்கிப் போகிறது. ஆளுங்கட்சி செய்யவில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், சரி. செய்ய வைக்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்?

ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2017இல் ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டம் வந்தது நினைவிருக்கும். பாக் நீரிணையில் ஓடும் இழுவைப்படகுகளில் 2,000 படகுகளை மூன்று வருடத்தில் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது, மொத்தம் 1,600 கோடி ரூபாய் என்றார்கள். ஒரு படகுக்கு 80 லட்சம். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் படகுக்காரர். அந்த மூன்று வருடம் 2020இல் முடிந்துவிட்டது. 2,000 எங்கே? அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பது ஜெட்டிக்குப் போனாலே தெரியும். கடன் பங்கை வங்கி தர மறுத்ததா, ஆழ்கடலுக்குப் பழகாத ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லையா, 80 லட்சத்துக்கு உருப்படியான படகே கட்ட முடியாதா? ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் விடாமல் இதைத் துருவி, பதிலை ஊருக்குக் கொண்டுவந்து, மறுபடியும் கேட்பதுதான் எதிர்க்கட்சியின் வேலை என்று நான் நினைக்கிறேன். கேள்விகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகின்றன, பதிலும் வருகிறது. பதிலுக்கு அப்புறம் என்ன என்பதைத்தான் காணோம்.

தலைவர் யார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். கூட்டணி என்பது தொகுதிப் பங்கீட்டில் பிறந்து வாக்கு எண்ணும் நாளோடு தூங்கிவிடுகிறது. 2024 ஜூனில் சபாநாயகர் தேர்தல் நடந்தபோது காங்கிரசின் கொடிக்குன்னில் சுரேஷை நிறுத்தினார்களே, தங்களைக் கேட்கவே இல்லை என்று திரிணாமூல் வெளிப்படையாகச் சொன்னது. அவை கூடி மூன்று நாள்கூட ஆகவில்லை. இப்படி இருக்கும்போது தலைவரை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

கீழை_மைந்தன் எழுதியது:

அண்ணே, தலைவர் இரண்டாம் பட்சம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முகம் இல்லாமல் எதிர்க்கட்சி ஜெயித்திருக்கிறது, ஆனால் நின்றதில்லை. 1977இல் ஜெயித்த பிறகுதான் மொரார்ஜியா, ஜெகஜீவன் ராமா, சரண் சிங்கா என்று பேசினார்கள். 1979 ஜூலையில் ஆட்சி போனது. 1989இல் தேவிலாலைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்து, அவர் எழுந்து வி.பி.சிங்கிடம் கொடுத்து, அதே அறையில் சந்திரசேகர் கோபமாகி, பதினோரு மாதத்தில் முடிந்தது. 1996இல் தேவகவுடா, அப்புறம் குஜ்ரால், இரண்டு வருடம்கூட இல்லை. யார் தலைமை என்பதை முதலில் தீர்க்காததற்குக் கொடுத்த விலை இது.

தலைவர் என்பவர் மேடையில் முழங்குபவர் மட்டும் இல்லை. 2004க்கு முன்னால் சோனியா காந்தி என்ன செய்தார்? ராம்விலாஸ் பாஸ்வான் வீட்டுக்கு நடந்தே போய்க் கூட்டணி பேசினார். அந்தப் பாஸ்வான் வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தவர். தி.மு.க.வும் 2003 டிசம்பர் வரை அந்தப் பக்கம்தான். அங்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேசிக் கொண்டுவந்தார். நம் மாநிலமும் புதுச்சேரியும் சேர்ந்து நாற்பதையும் கொடுத்தன. காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138 என்று நின்ற தேர்தலில் அந்த நாற்பது எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது வருகிறேன். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்த இரவு எங்கள் தெருவில் விளக்கு அணையவில்லை. 288க்கு 232. மாநிலங்களவையில் 128க்கு 95. எதிர்வரிசை சிதறவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆக, சேர்ந்து நிற்க முடியாது என்பது உண்மையில்லை. ஆனால் தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் ஆதரித்ததால் மசோதா நிறைவேறியது. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் மாநிலத்துச் சிறுபான்மையினரிடம் என்ன பதில் சொல்வீர்கள் என்று பேச எதிர்வரிசையில் யார் இருந்தார்? 240 என்ற எண்ணிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆள் வேண்டும் அண்ணே. அதற்குப் பெயர்தான் தலைமை.

சேதுநாட்டான் எழுதியது:

நான் பா.ஜ.க. பக்கம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மறைக்கவில்லை. ஆனால் பாம்பன் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

2021 பிப்ரவரியில் ராகுல் காந்தி புதுச்சேரியில் மீனவர்களைப் பார்த்தபோது, மத்தியில் மீன்வளத்துக்கென்று தனி அமைச்சகம் இல்லை என்று பேசினார். 2019இலேயே மீன்வளம், கால்நடை, பால்வளம் என்று தனி அமைச்சகம் அமைத்தாகிவிட்டது. கரையோர மக்களுக்காகப் பேச வருகிறவர் அடிப்படை விவரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டாமா? அந்த அமைச்சகத்தின் திட்டம் சரியில்லை, பணம் வரவில்லை என்று கேட்டிருந்தால் அமைச்சர்கள் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள். இல்லாததைச் சொன்னதால் அவர்கள் வேலை சுலபமாகிவிட்டது.

அதேபோல 2023 ஆகஸ்டில் மணிப்பூருக்காக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லும்போது பிரதமர் கச்சத்தீவைப் பேசினார். அது யார் கொடுத்தது என்று கேட்டார். 2024 தேர்தலுக்கு முன்னால் மறுபடியும் பேசினார். பேசியதால் இங்கே ஓட்டு வந்ததா என்றால் இல்லை. ஆனாலும் கச்சத்தீவில் எதிர்க்கட்சியின் தேசிய நிலைப்பாடு என்ன என்று இன்றுவரை ஒரு வரியில் யாரும் சொல்லவில்லையே.

அவைக்குள் பதாகை தூக்குவதும் இதே கதைதான். 2023 டிசம்பரில் இரு அவையிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம். அந்த நாட்களில்தான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் வெளியே நாடாளுமன்றத்தின் மகர வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

தொண்டி_தோழர் எழுதியது:

சேதுநாட்டான் அண்ணே, அந்த 146 பேர் விளையாட்டுக்காகக் கூச்சல் போடவில்லை. அவைக்குள் ஆட்கள் குதித்துப் புகைக்குப்பி வீசிய சம்பவத்துக்கு உள்துறை அமைச்சர் வந்து அறிக்கை தர வேண்டும் என்று கேட்டார்கள். அது ஒரு சாதாரண கோரிக்கை. அதைத் தர மறுத்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சட்டம் போட்டதில் முதல் தவறு அரசுடையது. ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி சரி. வெளியே அனுப்பப்படுவோம் என்று தெரிந்த பிறகும் எல்லோரும் ஒரே நேரத்தில் போயிருக்கக் கூடாது. சிலர் உள்ளே இருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் திருத்தம் கொடுத்து வாக்கெடுப்புக் கேட்டிருக்கலாம். பதிவேட்டிலாவது நின்றிருக்கும்.

இன்னொன்று யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள், நான் பேசுகிறேன். வடகடலில் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை போடுவதுதான் பிரச்சினையின் பாதி. அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார்க் கரையில் இருப்பவர்களும் தமிழர்கள். முப்பது வருடப் போரில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, இப்போது போட்ட வலையை நம் படகு இழுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? இலங்கை 2017இல் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் போட்டது, 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை ஏற்றியது. நம் நாட்டுப்படகுக்காரர்களும்தான் இழுவையால் கெட்டுப்போனார்கள். தொண்டி, முள்ளிமுனை, காரங்காடு பக்கம் வந்து கேளுங்கள். வாரத்தில் விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று பிரித்து வைத்திருப்பதே இரண்டும் ஒரே நாளில் ஓட முடியாது என்பதால்தானே.

எந்தக் கட்சியும் இதைச் சொல்லாது. ஆளுங்கட்சியும் சொல்லாது, எதிர்க்கட்சியும் சொல்லாது, எங்கள் இடதுசாரிக் கட்சியும் உரக்கச் சொல்வதில்லை. விசைப்படகில் வேலை செய்கிற கூலிக்கும் ஓட்டு இருக்கிறது, படகு முதலாளியான சம்மாட்டிக்குச் செல்வாக்கு இருக்கிறது. அதனால் கச்சத்தீவு என்று சொல்லி எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கஷ்டமான உண்மையை மக்களிடம் சொல்லி, மாற்றுக்கு இத்தனை வருடம், இத்தனை பணம், கூலிக்காரருக்கு இந்த ஏற்பாடு என்று முன்வைக்கும் துணிச்சல் எதிர்க்கட்சிக்கு வராதவரை யார் தலைவரானாலும் அறிக்கைதான் வரும்.

பரமக்குடி_மாணவன் எழுதியது:

ஒரு சந்தேகம். 2014இல் அ.தி.மு.க.வுக்கு 37 எம்.பி., நம் தொகுதியில் அன்வர் ராஜா. காங்கிரசுக்கு 44. ஏழுதான் வித்தியாசம். அப்போது எதிர்க்கட்சித் தலைவர் பதவி ஏன் யாருக்கும் தரவில்லை?

வக்கீல்_ராம்நாடு எழுதியது:

தம்பி, எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கான சட்டம் 1977இல் வந்தது. எண்ணிக்கையில் மிகப் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர், அவரைச் சபாநாயகர் அங்கீகரிக்க வேண்டும் என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு முதல் சபாநாயகர் மாவ்லங்கர் காலத்து மரபு. 543இல் 55 வேண்டும். 2014இல் 44, 2019இல் 52, அதனால் அங்கீகாரம் இல்லை. 2024இல் 99 வந்ததும் கிடைத்தது. 37 பேர் வைத்திருந்த அ.தி.மு.க. துணைச் சபாநாயகர் பதவியை வாங்கிக்கொண்டு, எதிர்க்கட்சியாகவும் இல்லாமல் ஆளுங்கட்சியாகவும் இல்லாமல் ஐந்து வருடத்தைக் கழித்தது. அந்த ஐந்து வருடமும் நம் தொகுதி அப்படித்தான் கழிந்தது.

இந்தப் பதவி வெறும் மரியாதை இல்லை. சி.பி.ஐ. இயக்குநர், லோக்பால், தலைமைத் தேர்தல் ஆணையர் போன்றோரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் தேர்தல் ஆணையர் விஷயத்தில் 2023இல் போட்ட சட்டப்படி பிரதமர், ஒரு மத்திய அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என்று மூன்று பேர். இரண்டுக்கு ஒன்று என்றான பிறகு மறுப்புக் குறிப்பு எழுதுவதைத் தவிர வழியில்லை. 2025 பிப்ரவரியில் அதுதான் நடந்தது.

கச்சத்தீவைப் பற்றி ஒன்று. 1974 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தபோது நம் தொகுதி எம்.பி.யாக இருந்தவர் பார்வர்ட் பிளாக்கின் பி.கே.மூக்கையாத் தேவர். அவரும் தி.மு.க.வின் இரா.செழியனும் மக்களவையில் கடுமையாக எதிர்த்துப் பேசினார்கள், வெளிநடப்பு நடந்தது. அவ்வளவுதான். ஏன் அதற்கு மேல் போகவில்லை? இந்திரா காந்தியிடம் 352 இடம். எதிரில் இருந்தவர்கள் இருபதும் இருபத்தைந்துமாகச் சிதறிக் கிடந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் என்று அன்று ஒருவருமே இல்லை. 1976இல் கடிதப் பரிமாற்றம் மூலம் மீன்பிடி உரிமை போனபோது நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில், இங்கே தி.மு.க. அரசையும் அந்த ஜனவரியில் கலைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சி பலமில்லாத காலத்தில் ஒரு கரைக்கு என்ன ஆகும் என்பதற்கு நாடு முழுக்கத் தேட வேண்டாம்.

அப்புறம் 2014இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில், கச்சத்தீவை மீட்க வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அது சேதுநாட்டான் ஆதரிக்கும் அரசு. எதிரில் இருக்கும்போது ஒன்று, ஆளும்போது ஒன்று என்பது இரு பக்கமும் உண்டு.

சேதுநாட்டான் எழுதியது:

வக்கீல் சார் சொல்வதை மறுக்கவில்லை. அதனால்தான் தீவை விட்டுவிட்டு மீன்பிடிப்பைப் பேசுங்கள் என்கிறேன்.

பாசிக்கரை எழுதியது:

எல்லோரும் படகைப் பற்றியே எழுதுகிறீர்கள். மண்டபம், வேதாளை, பாம்பன் பக்கம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எந்த எம்.பி. பேசினார்? எங்கள் அம்மா காலத்திலிருந்து தீவுப் பக்கம் போய் மூச்சடக்கிப் பாசி எடுத்தவர்கள். 21 தீவுகளும் 1986இல் தேசியக் கடல் பூங்கா ஆனதிலிருந்து அங்கே போனால் தடுக்கிறார்கள், எடுத்த பாசியைக் கொட்டச் சொல்கிறார்கள். கடலைக் காப்பாற்ற வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்ச நாள் எடுப்பது, மற்ற நாள் விடுவது என்று நாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். இப்போது வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா என்று பெரிய தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். அது வளர்ப்புப் பாசிக்கு. இயற்கைப் பாசி எடுப்பவருக்கு அதில் என்ன இடம்?

எங்களில் பலருக்கு மீனவர் என்ற அடையாள அட்டை கிடைப்பதே பெரும்பாடு. படகு இருந்தால்தான் மீனவர் என்று நினைக்கிறார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்திலும் இதே பேச்சுதான்.

ராகுல் கன்னியாகுமரியிலிருந்து 2022இல் நடந்தார். 2023இல் ராமேஸ்வரத்திலிருந்து அண்ணாமலை நடந்தார், அமித் ஷா வந்து தொடங்கி வைத்தார். இரண்டு பேருமே கரையிலிருந்துதான் கிளம்பினார்கள். கிளம்பினார்கள், போய்விட்டார்கள்.

கீழை_மைந்தன் எழுதியது:

பாசிக்கரை அக்கா சொன்னது மனதைத் தைக்கிறது.

நடைபயணத்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். சாதிவாரிக் கணக்கெடுப்பை எதிர்க்கட்சி ஊர் ஊராகப் பேசியது. ஆரம்பத்தில் கேலி செய்தார்கள், 2025 ஏப்ரல் 30இல் மத்திய அரசே மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சாதியையும் எடுப்பதாக அறிவித்தது. மத்திய அரசின் உயர் பதவிகளுக்கான நேரடி நியமன விளம்பரத்தை 2024 ஆகஸ்டில் மூன்று நாளில் திரும்பப் பெற்றார்கள், அதில் கூட்டணிக்குள்ளிருந்து சிராக் பாஸ்வானும் எதிர்த்தார். ஒரே கோரிக்கையை வருடக்கணக்கில் விடாமல் பிடித்தால், ஆளும் கூட்டணிக்குள்ளும் ஆதரவு தேடினால், 234 எம்.பி.க்களே உள்ள எதிர்க்கட்சிக் கூட்டணியாலும் வேலை நடக்கிறது. மீனவர் விஷயத்தில் அந்த விடாப்பிடி இல்லை. காரணம், இது டெல்லிக்குத் தமிழ்நாட்டுப் பிரச்சினை, தமிழ்நாட்டுக்கு ராமநாதபுரம், நாகப்பட்டினம் பிரச்சினை.

பாம்பன்வாசி எழுதியது:

கீழை_மைந்தன் பாய் கடைசியில் எழுதியதுதான் முக்கியமானது. தமிழ்நாட்டுக் கூட்டணியை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். 2019இல் 38, 2024இல் 39. ஒரே கூட்டணி, ஏறக்குறைய அதே கட்சிகள், நடுவில் சட்டமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் எல்லாம் சேர்ந்தே சந்தித்தார்கள். டெல்லியில் ஏன் அது வரவில்லை என்றால், இங்கே பெரிய கட்சி எது என்பதில் சண்டையே இல்லை. காங்கிரசும் இடதுசாரிகளும் வி.சி.க.வும் முஸ்லிம் லீக்கும் தி.மு.க. கொடுப்பதை முணுமுணுத்தாவது வாங்கிக்கொள்கிறார்கள். தேசிய அளவில் காங்கிரஸ் பீகாரில் தம்பி, கர்நாடகத்தில் அண்ணன், வங்கத்தில் எதிரி, கேரளத்தில் இடதுசாரிகளோடு நேருக்கு நேர். டெல்லியில் 2025 பிப்ரவரியில் ஆம் ஆத்மியும் காங்கிரசும் தனித்தனியே நின்றார்கள். ஆம் ஆத்மி 22க்கு இறங்கியது, காங்கிரசுக்கு ஒன்றுமில்லை, பா.ஜ.க. 48. அந்த ஜூலையிலேயே ஆம் ஆத்மி கூட்டணியில் இல்லை என்று சொல்லிவிட்டது. பீகாரில் வேட்புமனு கடைசி நாள் வரை தொகுதி முடிவாகவில்லை, சில இடங்களில் கூட்டணிக் கட்சிகளே ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. வாக்காளனுக்கு அதைப் பார்த்து என்ன தோன்றும்?

மாநிலத்தில் சண்டை இருக்கட்டும், அது போகாது. வங்கத்தில் திரிணாமூல் தனியாக நின்றே 29 ஜெயித்தது, அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. மாநிலத்தில் எதிரியாக இருந்தாலும் நாடாளுமன்றத்துக்குள் பத்து விஷயத்தில் ஒன்றாகப் போகலாம் இல்லையா? அந்தப் பத்தில் ஒன்று கடல்சார் மக்கள். குஜராத் மீனவர் பாகிஸ்தான் சிறையில் கிடக்கிறார், வங்காள மீனவர் வங்கதேசத்தில் பிடிபடுகிறார், கேரளத்தில் ஆழ்கடல் மணல் அள்ளும் ஏலத்தை எதிர்த்துக் கரையே திரண்டது. தலைவர் என்று ஒருவர் இருந்தால் முதலில் இந்த எம்.பி.க்களை எல்லாம் ஒரு அறையில் உட்கார வைக்கட்டும். அதைச் செய்பவர் யாராயிருந்தாலும் நான் தலைவர் என்று ஒப்புக்கொள்கிறேன்.

சேதுநாட்டான் எழுதியது:

ஒரு பழைய கதையும் இதில் சேரும். 2002இல் கலாமை நாங்கள் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தியபோது காங்கிரஸ் ஆதரித்தது. இடதுசாரிகள் மட்டும் கேப்டன் லட்சுமியை நிறுத்தினார்கள். எதிர்க்கட்சித் தலைவராக அப்போது இருந்தவர் சோனியா. ராமேஸ்வரத்துப் பிள்ளையை எதிர்த்தால் என்ன பேர் வரும் என்று கணக்குப் போட்டு விலகினார், இரண்டு வருடத்தில் ஆட்சிக்கே வந்தார். 2025 செப்டம்பரில் சி.பி.ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் நின்றபோது, தமிழர் என்றும் பார்க்காமல் எதிர்த்து வாக்களித்தீர்கள். 452க்கு 300. எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

தொண்டி_தோழர் எழுதியது:

அண்ணே, கேப்டன் லட்சுமி தோற்பார் என்று தெரிந்தேதான் நின்றார். நேதாஜியின் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கிய பெண்மணி அவர், சென்னையில் பிறந்தவர். கலாம் மேல் எங்களுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. குஜராத் கலவரம் நடந்த வருடம் அது, ஆளும் கூட்டணி நிறுத்தும் வேட்பாளருக்குப் போட்டியில்லாமல் விட முடியாது என்று நினைத்தோம். 2025இலும் நீதிபதி சுதர்சன் ரெட்டியை நிறுத்தியது அதே அடிப்படையில்தான். பிறந்த ஊரைப் பார்த்து ஓட்டுப் போடுவதென்றால் அப்புறம் எதற்குக் கட்சி?

ஆனால் அந்த 300இல் ஒரு விஷயம் இருக்கிறது. எதிர்க்கட்சிகள் எதிர்பார்த்ததைவிட அது குறைவு. ரகசிய வாக்கெடுப்பில் சொந்த ஆட்களே நழுவினால் அதை உட்கார்ந்து பேச வேண்டும். பேசினார்களா என்று தெரியும்படி எதுவும் வெளியே வரவில்லை.

வக்கீல்_ராம்நாடு எழுதியது:

விவாதம் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது, அதனால் நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் அவையில் நடப்பதை மட்டும் பார்க்கிறோம். துறைசார் நிலைக்குழுக்களை யாரும் கவனிப்பதில்லை. 1993இல் வந்த ஏற்பாடு. 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். தொலைக்காட்சி இல்லை, கூச்சல் இல்லை, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். எந்தப் பொருளை ஆராய்வது என்று குழுவே தீர்மானிக்கும்.

2024இல் குழுக்களை அமைத்தபோது மீன்வளம் அடங்கிய வேளாண்மைக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் காங்கிரசின் சரண்ஜித் சிங் சன்னி. வெளியுறவுக் குழுவுக்கு சசி தரூர், அவரும் காங்கிரஸ். ஒரு பக்கம் மீன்பிடிப்பு, ஒரு பக்கம் இலங்கை. வடகடல் பிரச்சினையின் இரண்டு கையும் எதிர்க்கட்சியின் கையில் கிடைத்தன. பாம்பன்வாசி முதலில் கேட்ட 2,000 படகுக் கணக்கை அந்த வேளாண்மைக் குழு ஒரு பொருளாக எடுத்து, ராமேஸ்வரத்துக்கே வந்து படகுக்காரர், கூலி, வங்கி, மீன்வளத்துறை எல்லோரையும் கேட்டிருக்கலாம். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பரிந்துரை மீது என்ன நடவடிக்கை என்று அரசு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும், அந்தப் பதில் போதாது என்றால் குழு மறுபடியும் அறிக்கை போடும். விடாமல் துரத்துவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழி மனுக்கள் குழு. சாதாரணக் குடிமக்களே மக்களவைக்கு மனு எழுதலாம், ஒரு எம்.பி. மேலொப்பம் இட்டு அவையில் வைக்க வேண்டும். நாற்பது பேரில் ஒருவர் போதும்.

பாசிக்கரை எழுதியது:

அப்படியென்றால் எழுதலாமே. யார் எழுதுவது?

பாம்பன்வாசி எழுதியது:

அக்கா, பாசி பற்றிய பகுதியை நீங்களே எழுதுங்கள். எந்த மாதம், எந்தக் கரை, எத்தனை நாள் எடுப்பது, அட்டைக்கு என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள் என்று உங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வதை அப்படியே எழுதினால் போதும். ஆழ்கடல் திட்டத்தின் கணக்கை நான் எழுதுகிறேன். சட்ட நடையை வக்கீல் சார் பார்த்துக்கொள்ளட்டும்.

தொண்டி_தோழர் எழுதியது:

இழுவைமடியை எத்தனை வருடத்தில் நிறுத்துவது என்று ஒரு கால வரம்பு மனுவில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். படகில் வேலை செய்யும் கூலிக்கு இடைக்கால வருமானம் என்ற வரியும் கூடவே வர வேண்டும், உரிமையாளருக்கு மட்டும் மானியம் என்றால் மறுபடியும் அதே கதைதான்.

சேதுநாட்டான் எழுதியது:

கால வரம்பு இருந்தால் நானும் போடுகிறேன். ஒரு பிரதியை மீன்வள அமைச்சருக்கும் அனுப்ப வேண்டும், எங்கள் ஆட்கள் மூலம் நான் சேர்ப்பிக்கிறேன்.

கீழை_மைந்தன் எழுதியது:

சந்தோஷம். நம் எம்.பி. கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன், கேட்கும் பொறுப்பு என்னுடையது. ஆனால் லீக்குக்கு மக்களவையில் மூன்று பேர்தான். தி.மு.க. 22 பேரும் முன்னே நிற்க வேண்டும். அதற்கும் மேல், இதை அகிலேஷ் கட்சிக்காரரும் திரிணாமூல்காரரும் தங்கள் விஷயமாக எடுத்துப் பேச வைப்பது யார்? அண்ணே, நான் முதலிலிருந்து கேட்பது அதைத்தான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பாம்பன்வாசி எழுதியது:

வரவில்லைதான் பாய். நாகை, தூத்துக்குடி, கன்னியாகுமரி எம்.பி.க்களிடம் கேட்கக்கூடிய ஆட்கள் இந்த இழையைப் படித்தால் எழுதுங்கள். வங்கத்தில் காக்த்வீப் பக்கம் மீனவர் சங்கத்தோடு பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. மனுவின் முதல் வரைவை இங்கேயே போடுகிறேன்.